சிப்பில் இருப்பது என் பெயர்தான்

திருச்சானூரில் தொலைந்த எங்கள் ஜிம்மி கிடைத்துவிட்டதாக, ஒரு வருடம் கழித்துத் திருப்பதியிலிருந்து ஒரு நாய் டாக்டர் போன் செய்தார். புத்தூரிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கிளினிக்கில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஜிம்மி. அந்த அம்மா திருச்சானூரில் டிபன் கடை வைத்திருப்பவர். தெருவில் திரிந்ததை எடுத்து வளர்த்திருக்கிறார். எங்கேயாவது தொலைந்துவிடப் போகிறதே என்று சிப் போட அழைத்து வந்திருக்கிறார். டாக்டர் ஸ்கேனரை வைத்துப் பார்த்தால், என் பெயரும் நம்பரும் பதிந்து நான் போட்ட சிப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

"ஜிம்மி, வாடா" என்றேன். வாலை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை.

"சின்னா, ரா" என்று தெலுங்கில் கூப்பிட்டபடி அந்த அம்மாவே எழுந்து என்னிடம் வந்தார். உடனே அவர் காலை ஒட்டிக்கொண்டே வந்தது.

கயிற்றை என் கையில் கொடுத்து, எனக்காகத் தமிழில் சொன்னார்: "இட்லிய ஆற வெச்சாதான் துன்னும். சூடா வெச்சிடாதீங்கண்ணா."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிப்பில் இருப்பது என் பெயர்தானே என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜிம்மி கேட் பக்கமே படுத்துக் கிடக்கிறது. நேற்று பொறுக்க முடியாமல், "சின்னா, ரா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். துள்ளி எழுந்து ஓடி வந்தது. என்னைத் தாண்டிப் போய், என் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாவைத் தேடியது.

டாக்டரிடம் கேட்டு அந்த அம்மாவின் நம்பரை வாங்கிவிட்டேன். கூப்பிடத்தான் இன்னும் மனசு வரவில்லை.