கட்டைப் பகல்

எங்கள் வீட்டுக்கு டிசம்பர் மாதத்தில் வெயில் நேரே வருவதில்லை. எதிர்க் கட்டடத்து யன்னல் கண்ணாடியில் பட்டு, அங்கிருந்து தெறித்து, மத்தியானத்தில் ஒரு இருபது நிமிடம் எங்கள் குசினிச் சுவரில் வந்து குந்தியிருக்கும். தலையணை உறை அளவு தேறும். நான் அதை இரவல் வெயில் என்பேன். எதிர்வீட்டுக்காரி யன்னலைத் திறந்துவைத்தால் அன்றைக்கு அதுவும் இல்லை. பிரான்சில் லா ஷப்பல் என்ற இடத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஒன்றரை அறைக்குள் நான்கு பேர் இருக்கிறோம். ஊரில் வெயிலைத் திட்டியே வளர்ந்தவள், இங்கே உடுப்புக் காயப்போடும் கம்பிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அந்தத் துண்டு வெயிலுக்குப் பின்னால் நகர்கிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமல்லவா? இங்கே பழமொழியையும் ஈர உடுப்பைப் போலத் திருப்பித்தான் போடவேண்டியிருக்கிறது.

ஆண்டிலேயே பகல் ஆகக் குறுகிய நாள் டிசம்பர் இருபத்தொன்று. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கட்டைப் பகல். பெயர் வைத்தவள் மகள் நிலா, ஆறு வயது. அன்றைக்கு அவளும் மூன்றரை வயதுத் தம்பி இனியனும் இரவல் வெயில் சுவரில் எதுவரை வந்தது என்று பென்சிலால் கோடு போடுவார்கள். மஞ்சள் நிறத்தில் எது கிடைத்தாலும் சாப்பிடுவோம்: பருப்பு, தோடம்பழம், கேசரித்தூள் போட்ட ரவை லட்டு. பொழுதுபட்டதும் வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நிலத்தில் வட்டமாக இருப்போம். இவர், அதாவது என் கணவர், உணவகமொன்றில் சமைக்கிறார். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் மூன்று மணி முதல் ஆறு மணி வரை அவருக்கு இடைவேளை. அதைக் கூப்பூர் என்பார்கள். தீபாவளியும் நத்தாரும் கூப்பூருக்குள் அடங்காது. சூரியன் ஐந்து மணிக்கு முன்னமே விழுந்துவிடுகிற இந்த ஒரு நாள்தான் அதற்குள் முழுசாக அடங்கிப்போகிற எங்கள் பண்டிகை.

சாமி இல்லாத பண்டிகை ஏன் என்று கேட்பீர்கள். நான் வேதக்காரப் பிள்ளை, இவர் சைவம். இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எங்கள் கலியாணத்துக்கு வந்தார்கள். பொண்டி என்ற ஊரில் என் அண்ணை இருக்கிறார். டிசம்பர் பிறந்தால் பாலன் குடிலும் கேக்குமாக "பிள்ளையளைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு வா" என்பார். ஆர்ஜொந்தெயில் இவருடைய அக்கா இருக்கிறா; மார்கழி பிறந்தால் "திருவெம்பாவைக்கு ஒரு நாளாவது ரூ பஜோல் கோயிலுக்குக் கூட்டிவா" என்பா. ஒரு பக்கம் போனால் மறுபக்கத்துக்குக் காய்ச்சல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்தோம். பிள்ளைகள் வளர்ந்து தாங்களே தெரிந்தெடுக்கட்டும், அதுவரை இரண்டு பக்கத்துச் சாமியும் அவர்கள் தலையில் கை வைப்பதில்லை.

ஒப்பந்தத்துக்குப் பண்டிகை கொடுத்தது நிலாவின் பாலர் பள்ளி. அங்கே சேர்ந்த முதல் வருடம், பனிக்கால விழாவுக்கு வீட்டிலிருந்து ஏதாவது செய்து கொண்டுவரச் சொன்னார்கள். ஒளி விழா என்று எனக்குப் பாதி விளங்கியதால் ஒரு தட்டு ரவை லட்டும், ஒரு மண்சிட்டியில் திரியும் போட்டுக்கொண்டு போனேன். ரீச்சர் சிட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தா. பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, "செ லாயிக், மதாம். லாயிக்" என்றா. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "வுய், வுய், லாயக்கு!" என்று தலையாட்டி, சிட்டியை லட்டுத் தட்டுக்கு நடுவில் எடுப்பாக வைத்துவிட்டு வந்தேன். பிரான்சில் முதன்முதலாக ஒருத்தி நான் கொண்டுபோன சாமானை லாயக்கு என்று சொல்லியிருக்கிறாள்! பின்னேரம் லட்டுத் தட்டு வெறுமையாக வந்தது. சிட்டி ஒரு கடதாசிப் பையில் பத்திரமாகத் திரும்பி வந்தது. இவர் தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "லாயிக் எண்டால் சமயம் கலக்காதது. சாமி உள்ளுக்கு வரக்கூடாதெண்டு அந்த மனுசி உமக்குச் சொல்லியிருக்குது. நீர் ஓமெண்டுபோட்டுச் சிட்டியை நடுவில வைச்சிட்டு வந்திருக்கிறீர்!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். "எங்களுக்கு இதுதான் லாயக்கு, பாரும்."

அந்த டிசம்பரில்தான் முதல் கட்டைப் பகல். விளக்கை அணைத்துவிட்டு இருந்தபோது நிலா இருட்டுக்குள்ளிருந்து, "அப்பாட கால்மேஸைக் கத்தரிச்சது நான்" என்றாள். ஒரு கிழமையாக ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்த மனுசன், ஏசப்போய் நிறுத்திக்கொண்டார். "இருட்டுக்குக் கண் இல்லை, காது மட்டுந்தான். இருட்டில சொன்னதுக்கு ஏச்சும் இல்லை." அன்றிலிருந்து அதுவே எங்கள் சடங்கு. ஒவ்வொருவரும் ஒளித்துவைத்த ஒன்றைச் சொல்லவேண்டும், சொன்னவர் எழும்பி ஒரு விளக்கைப் போடவேண்டும், ஒருவரும் ஏசக்கூடாது. அவருடைய அந்தச் சொல்லை நான் வேலை செய்கிற மரக்கறிக் கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெருமையாகத்தான் சொன்னேன். அது எனக்கே வைத்த பொறி என்று அப்போது தெரியாது.

ஏனென்றால், முதல் கட்டைப் பகல் முடிந்து ஒரு மாதத்தில், ஏழு மாதக் குழந்தையாக இருந்த இனியனுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இங்கே பனிக்காலத்தில் கைக்குழந்தைகளைப் பிடிக்கிற வருத்தம், புரோன்ஷியோலித் என்பார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தான். விலா எலும்புகள் உள்ளே போய்ப்போய் வந்தன. பின்னேரம் இரண்டு மணி. இவருடைய தொலைபேசி வேலையிடத்து அலுமாரிக்குள். திடீரென்று மெசின் கத்தி, மூன்று பேர் ஓடிவந்து, அவனைப் புரட்டி, என்னவோ செய்துவிட்டு, எனக்கு ஏதேதோ சொன்னார்கள். "அத்தோந்ர்" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. காத்திருக்க வேண்டும். எதற்காக என்று விளங்கவில்லை. அண்ணைக்குத் தொலைபேசி அடித்தேன். "ஆபத்துக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம் தங்கச்சி. தண்ணியும் வாயும் காணும். பயப்பிடாமச் செய்" என்றார். போத்தல் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, குழந்தையின் நெற்றியில் மூன்று முறை வார்த்து, மறைக்கல்வி வகுப்பில் பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன். மருந்தால்தான் அவன் பிழைத்தான். அது எனக்கும் தெரியும். மூன்றரை மணிக்கு இவர் வெங்காய வாசத்தோடு ஓடிவந்து, குழந்தையின் தலையைத் தடவி, "ஏன் ஈரமாக் கிடக்கு?" என்று கேட்டார். "வேர்வை" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள்தான் நான் இவ்வளவு காலமும் குடியிருந்தேன். ஒன்றரை அறை வீடு அதைவிடப் பெரிது.

பிறகு வந்த இரண்டு கட்டைப் பகலிலும் நான் சில்லறைகளைச் சொல்லித் தப்பினேன்: கருகின பருப்பைக் கொட்டினது, மச்சாள் தந்த பூச்சாடியை உடைத்தது. இந்த வருடம் தப்ப வழியில்லை. டிசம்பர் நடுவில் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, பெடியன் வளர்ந்திட்டான். ஞானஸ்நானத்தைக் கோயிலில பதியவேணும். மச்சானிட்டைச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப இருபத்தொராந் தேதி அஞ்சரைக்கு நான் அங்கை வாறன். நீ சொல்லாட்டி நான் சொல்லுறன்."

"அண்டைக்கு எங்கட கட்டைப் பகல் அண்ணை."

"கட்டைப் பகலோ! நான் கட்டையில போறதுக்கு முதல் இதைச் செய்து முடி. லாயிக், லாயிக் எண்டு கடைசியில ஒண்டுக்கும் லாயக்கில்லாமப் போகப்போறியள்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர். இந்த வீட்டை எடுக்கும்போது பிணை நின்று கையெழுத்து வைத்தவரும் அவர்தான். ஏறின ஏணியை உதைக்க எனக்கு வராது, அதிலேயே நின்று வாழவும் முடியவில்லை. கடையில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே ஐந்து நாள் வசனம் பாடமாக்கினேன். ஞானஸ்நான வசனத்தைப் பாடமாக்கினதைவிட அது கஷ்டம்.

இருபத்தொன்று வந்தது. மேகம் மூடி, எதிர்வீட்டுக் கண்ணாடி சாம்பல் பூசினதுபோல நின்றது. சுவரில் வெயில் விழவேயில்லை. கோடு போடமுடியாமல் நிலா சிணுங்கினாள். இவர் மூன்றேகாலுக்கு வந்து, தோடம்பழம் உரித்துக் கொடுத்து, "இனியன் எண்டால் திரும்பமாட்டான். கந்தா, இஞ்சை வாடா" என்று மகனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவனைப் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவார். வாய்ப்பழக்கம், சமயம் இல்லை என்று சொல்லிக்கொள்வார். ஐந்து மணிக்கு விளக்கை அணைத்தோம். முதலில் இனியன், அக்காவின் கொம்போத் என்கிற பழக்கூழைக் களவாகக் குடித்ததைச் சொல்லி, அறை விளக்கைப் போடாமல் அப்பாவின் கைவிளக்கை எரியவைத்தான். நிலா, பள்ளியில் தனக்கு மூன்று தம்பிமார் என்று புளுகினதைச் சொன்னாள். இவர், "லட்டில மூண்டை நான் மத்தியானமே எடுத்துக்கொண்டு போய்த் திண்டிட்டன்" என்றார். பிள்ளைகள் கத்தினார்கள். ஏசக்கூடாது என்ற சட்டத்தை அவர் ஞாபகப்படுத்தினார்.

"இப்ப அம்மா" என்றாள் நிலா.

பாடமாக்கின வசனம் ஒன்றும் வரவில்லை. "இனியன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை நான் அவனுக்குத் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தனான்" என்றேன். அவ்வளவுதான். எழும்பிக் குசினி விளக்கைப் போட்டேன். 

"நீர் வேர்வை எண்டனீர்" என்றார்.

குசினி வாசலில் நின்றபடி தலையாட்டினேன்.

"என்ன பேர் சொல்லி ஊத்தினனீர்?"

இதை நான் அண்ணைக்கும் சொன்னதில்லை. புனிதர் பெயர் ஒன்று வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் வந்தது வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான். "கந்தன் எண்டு" என்றேன்.

அவர் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று ஒரு கணம் நம்பினேன். "கந்தனுக்கு ஞானஸ்நானம்" என்றார், மெதுவாக. பிறகு, "இருட்டில சொன்னதுக்கு ஏச ஏலாது. நல்ல சட்டந்தான் போட்டு வைச்சிருக்கிறன்." அதற்குப் பிறகு கேட்டதுதான் இன்னும் என் காதில் நிற்கிறது. "அப்ப இவ்வளவு காலமும் இந்த வீட்டில நாங்கள் என்னத்தையப்பா கொண்டாடினனாங்கள்?"

நான் பதில் சொல்லுமுன் நிலா எழும்பிவிட்டாள். "எ முவா?" என்றாள். அப்ப நான்? "தம்பிக்கு மட்டும் ஊத்தியிருக்கிறியள். எனக்கு ஏன் ஊத்தேல்லை? செ பா ஜுஸ்த்!" நியாயமில்லையாம். அவளுக்குப் பிதாவும் தெரியாது, சுதனும் தெரியாது. தம்பிக்குக் கிடைத்த ஒன்று தனக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. குசினிக்குள் ஓடி, முக்காலியை இழுத்து ஏறி, குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின்மேல் தலையைக் குனிந்து, பின்னலை முன்பக்கம் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்துங்கோ" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழ்வாசல் மணி அடித்தது. அண்ணை. ஒருவரும் போகவில்லை. எங்கள் குசினியில் இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக இடமில்லை. முக்காலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் பிள்ளையின் வெறும் பிடரி, அதற்கு ஒரு சாண் கீழே ஓடுகிற தண்ணீர். அள்ளி ஊற்ற என் கை எழவில்லை. குழாயைப் பூட்ட அவர் கையும் எழவில்லை.