மூப்பர் செருப்பைக் கழற்றினார்

போன வாரம் ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் சைமன் மூப்பர் செருப்பைக் கழற்றினார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். செருப்பைக் கழற்றினால் உள்ளே வருகிறார் என்று அர்த்தம். வந்தால் உட்காருவார். உட்கார்ந்தால் காப்பி கொடுக்க வேண்டும். கொடுத்தால் குடிப்பாரா? அதுதான் விஷயம். மூப்பர் காத்திருப்புச் சபையின் தலைவர். அந்தச் சபைக்காரர்கள் மற்றவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

குடித்தார். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று கேட்டு வாங்கியும் குடித்தார்!

அடுத்த வீட்டுப் பங்கஜாக்ஷி அம்மா வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையில் பிழிந்த வேட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். மூப்பர் போன பிறகு என்னிடம் கேட்டார்: "டீச்சரே, அயாள் காப்பி குடிச்சோ? முழுசும் குடிச்சோ?"

பாறசாலைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எங்கள் பழைய மிஷன் கோயில்களிலிருந்து ஒரு காலத்தில் கோபித்துக்கொண்டு போனவர்கள் இவர்கள். ஒற்றசேகரமங்கலத்துப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு ஜெப வீடு. ஆண்டவர் இதோ வரப்போகிறார், அதுவரை காத்திருக்க வேண்டும் — இதுதான் உபதேசம். அதனால் மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், ஓட்டு வேண்டாம், அடுத்தவர் வீட்டுக் கல்யாணமும் சாவும் வேண்டாம். நாளைக்கே உலகம் முடிகிறது என்பவர்கள் தென்னம்பிள்ளை வாங்கிக் குழி தோண்டி நடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. வெளியாள் ஜெபம் செய்தால் இவர்கள் கண்ணை மூட மாட்டார்கள். 'ஆமென்' சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் எந்தச் சபை என்று தெரிந்துகொள்ள யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை. ஒரு பொது ஜெபம் வைத்தால் போதும். திறந்திருக்கும் கண்களை எண்ணிவிடலாம். (எண்ணுகிறவர் கண் எப்படித் திறந்திருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.)

சரி, எனக்கும் இந்தச் சபைக்கும் என்ன?

என் தங்கை எஸ்தர் அங்கே இருக்கிறாள்.

கல்யாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. பிறகு அவள் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்துக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பேசத் தொடங்கி, என்னை 'டீச்சர் அம்மை' என்று கூப்பிடும் வயது. ஒரு மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கெஞ்சி மருந்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, மீதி தூரம் சேற்றில் நடந்து போனேன். வீட்டுப் படியில் சைமன் மூப்பர் நின்றார்.

"மருந்து இந்தப் படி கடக்கப்பிடாது டீச்சரே. நீங்க வேணுமானா வாங்க. குப்பி வெளியில இருக்கட்டு."

உள்ளே குழந்தை இருமுவது கேட்டது. எஸ்தர் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் கத்தினேன், அழுதேன், காலில் விழவும் பார்த்தேன். நாலைந்து ஆண்கள் வந்து வழியை மறித்தார்கள். குப்பியோடு திரும்பி வந்தேன். அந்த வாரமே பிள்ளை போய்விட்டது.

செத்த பிள்ளையின் பேரைச் சொல்லி அழக் கூடாதாம். அழுதால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமாம். அந்தப் பேர் சபையில் அன்றோடு நின்றுபோனது. பிறகு எங்கள் அம்மா இறந்தபோது எஸ்தர் வந்தாள். வேலிக்கு வெளியே நின்றாள். பாஸ்டர் ஜெபம் செய்தபோது அவள் கண் திறந்தே இருந்தது. பெட்டியை எடுத்ததும் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

அந்த மூப்பர்தான் போன வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"சபை மாறியாச்சு டீச்சரம்மா," என்றார். "இனி மருந்து எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போவலாம். மத்தவங்க வீட்டில உண்ணலாம். தீர்மானம் போட்டு மேடையில வாசிச்சாச்சு."

"நல்லது. அப்பம் அன்னிக்கு என்னைப் படியில தடுத்தது?"

மூப்பர் காப்பி டம்ளருக்குள் பார்த்தார்.

"அன்னிக்கு அவ்வளவுதான் வெளிச்சம் இருந்துது. இப்பம் கூடுதல் வெளிச்சம் கிடைச்சிருக்கு."

வெளிச்சமாம்! தெருவுக்குக் கரண்ட் கம்பம் நட்ட மாதிரி சொல்கிறார். முன்னால் இருட்டில் யார் யார் விழுந்தார்கள் என்று ஒரு விசாரணையும் கிடையாது.

வந்த காரியத்துக்கு அப்புறம்தான் வந்தார். ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். எங்கள் பகுதி மதராஸோடு சேர வேண்டும் என்று ஒரு ஊர்வலம். கூடாது என்று மறு ஊர்வலம். ஒரு நாள் கடையடைப்பு. மறுநாள் போலீஸ் வண்டி. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் கோயிலில் இரண்டும் பேசுகிற ஜனத்தைப் பார்த்து, நீ எந்தப் பக்கம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் ராஜ்யம் மேலே இருக்கிறது என்று சொல்லும் காத்திருப்புக்காரர்களை யார் விடுவார்கள்?

"தமிழ் ஆளுங்க எங்களை மலையாளத்துக்க ஒற்றன்னு சொல்லுகாவ. மலையாள ஆளுங்க எங்களை மதராஸுக்க ஒற்றன்னு சொல்லுகாவ. ஜெப வீட்டுக்க ஓட்டில கல்லெறியாத நாளில்ல. நீங்க பத்திரிகையில எழுதுறவங்க. நாங்க மாறியாச்சுன்னு ஒரு வார்த்தை எழுதினா ஜனம் நம்பும்."

ஆக, சர்க்கரை கூடுதலாகக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கூட்டம் திருந்திவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? இனிமேல் என்ன செய்வோம் என்று அவர்கள் சொல்வதை வைத்தா? இதுவரை செய்ததைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்தா? கல் விழுவதற்கு முன்னால் மாறியிருந்தால் நானும் சட்டென்று நம்பியிருப்பேன். ஆனால் ஒன்று... கல்லெறிபவனோடு சேர்ந்துகொள்ளவும் எனக்கு மனசில்லை. ஓடு உடைந்தால் மழை நனைப்பது மூப்பரை மட்டுமா? எஸ்தரும்தானே உள்ளே இருக்கிறாள்?

"எஸ்தரை அனுப்புங்க," என்றேன். "எனக்க வீட்டில, எனக்கக் கூட இருந்து உண்ணட்டு. பிறகு எழுதுறேன்."

"அதுக்கென்ன, வரட்டு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் வருவதாகச் சொன்ன நாளில்தானா கடையடைப்பு வர வேண்டும்? எஸ்தருக்குச் சாளை மீன் என்றால் உயிர். கோட்டுகால் பக்கமிருந்து மீன் கொண்டுவருகிறவள் அன்றைக்கு வரவில்லை. வீட்டில் இருந்த பயறும் முருங்கைக்கீரையும் வைத்து ஒப்பேற்றினேன். தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழகிவிட்டது. ஒருத்திக்கென்று சமைப்பதுதான் இன்னும் பழகவில்லை. எவ்வளவு குறைத்து அரிசி போட்டாலும் மிஞ்சும். மிஞ்சுவதைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க மனசு சரியிருக்காது. அன்றைக்கு அரிசியை இரண்டு பேருக்கு அளந்தேன். இரண்டாவது தட்டைத் தேடி எடுத்துக் கழுவினேன். சாப்பாடு ஆறியது. பஸ் இல்லை, அவள் வர மாட்டாள் என்று தட்டைத் திரும்ப எடுத்து வைக்கப் போனேன்.

"அக்கா..."

பஸ் நெய்யாற்றின்கரையோடு நின்றுபோனதாம்; அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. கையில் வாழை இலையில் பொதிந்த நாலு பழம். படியில் நின்றாள்.

"உள்ள வா மக்கா," என்றேன். உள்ளே வந்தாள். கை கழுவினாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எல்லாம் மூப்பர் சொன்னபடியே நடந்தது.

இனி ஜெபம்.

வீட்டுக்காரி நான், நான்தான் ஜெபிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். அன்னத்துக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். தங்கையை இந்த மேசைக்குத் திரும்பக் கூட்டி வந்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னேன். அதோடு முடித்திருக்கலாம். "எங்கள் பியூலாவைக் கொஞ்ச நாள் எங்களுக்குத் தந்ததற்காகவும் ஸ்தோத்திரம்" என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன கையோடு, பரீட்சை ஹாலில் டீச்சர்கள் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்.

எஸ்தரின் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. இமைகூட அசையவில்லை. நேராக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குள் ஏதோ அறுந்துபோனது. நானே ஆமென் சொல்லிக்கொண்டேன். சோற்றை எடுத்து அவள் தட்டில் போட்டேன். போட்டேன் என்பதைவிட எறிந்தேன் என்பது சரி.

"உங்க சபை ஒண்ணும் மாறல்ல எஸ்தரே. காப்பி குடிப்பீங்க. சோறு திம்பீங்க. நான் ஜெபம் பண்ணினா மட்டும் கண்ணு மூடப்பிடாது. அப்பிடித்தானே?"

அவள் சோற்றைத் தொடவில்லை.

"அக்கா, இப்பம் ஒரு பேரு சொன்னியே..."

"சொன்னேன். அது உங்களுக்குக் குத்தமாக்கும். போய் மூப்பர்கிட்ட சொல்லு."

"இன்னொரு தடவ சொல்லு."

எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

"நான் கண்ணு மூடித்தான் இருந்தேன் அக்கா. பேரு கேட்டதும் தானா தொறந்துட்டு. ஒரு ஆளுக்க வாயில இருந்து அந்தப் பேரு வருகத பாக்கணும்னு தோணிச்சு. அங்க ஒருத்தரும் சொல்லமாட்டாவ. அவளுக்க அப்பனும் சொல்லமாட்டாரு. நான் மாட்டுத் தொழுத்தில போய், பசுவுக்க காதில சொல்லுவேன். எனக்க சத்தத்திலயே கேட்டுக் கேட்டு... வேற ஆளு சொன்னா அந்தப் பேரு எப்பிடி இருக்கும்னு மறந்து போச்சு அக்கா."

"பியூலா," என்றேன்.

"இன்னும் ஒருக்கா."

"பியூலா... பியூலா மோளே..."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுகிற பழக்கமே விட்டுப்போயிருக்கிறது. தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"மருந்து எடுக்கலாம்னு மேடையில வாசிச்சாவ. எல்லாரும் அல்லேலூயா சொன்னாவ. நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகாக்கும் ஓர்மை வந்துது. அப்பம் எனக்க பிள்ள என்னத்துக்குச் செத்துது? முன்ன எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன். இப்பம் தெரியல்ல. ஆருகிட்ட கேக்க?"

இத்தனை நாளும் தனியாக இருப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் சபை, வீட்டில் புருஷன், வாரம் தவறாமல் கூட்டம்... அத்தனைக்கும் நடுவில் அவள் ஒரு பசுவின் காதோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம். கீரையில் உப்பு கூடுதல் என்றாள். சின்ன வயதிலும் அதையேதான் சொல்வாள்.

புறப்படும்போது கேட்டேன். "இதை நான் எழுதட்டா?"

"எழுது. அவளுக்க பேரையும் போடு."

"சபையில உன்னை என்ன சொல்லுவாவளோ?"

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "மாறியாச்சுன்னுதானே சொல்லுகாவ? பாப்போம்," என்றாள். "வாறேன் அக்கா."

ரோடு முழுக்கக் காலி. கடைகள் அடைத்திருந்தன. அவள் வளைவு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். இரண்டு தட்டையும் கழுவினேன். இரண்டாவது தட்டைப் பழைய இடத்தில் எடுத்து வைக்க மனம் வரவில்லை. என் தட்டுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

எல்லை பிரிக்க வந்திருக்கும் கமிஷன்காரர்கள் எங்கே வேண்டுமானாலும் கோடு போடட்டும். நான் இருப்பது மதராஸா, திருவனந்தபுரமா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். எஸ்தர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தால் போதும். அது இன்னும் தெரியவில்லை.

சைமன் மூப்பரே, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். யாரும் உங்கள் ஓட்டின் மேல் கல்லெறிய வேண்டாம் என்று ஊரையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சபை மாறியாச்சு என்று சாட்சி சொல்ல என்னால் ஆகாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தீர்மானம் வாசித்த அதே மேடையில் ஏறி, எஸ்தருக்குக் கேட்கும்படி அந்தப் பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்.

பியூலா. மூன்றே எழுத்துதான், மூப்பரே.