தாளிப்பு வாசம் வராத தோசைக்கடை

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரில், ஊர் ஊராகக் கிளை திறக்கும் தோசைக்கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். தாளிப்பு வாசமே இல்லை. கிளையை எடுத்து நடத்தும் சேலத்துக்காரர் கல்லாவிலிருந்து பெருமையாகச் சொல்கிறார்: "சாம்பார் ஃப்ரோசன் பாக்கெட்ல வருது சார். எந்த ஸ்டேட் போனாலும் ஒரே டேஸ்ட்."

அந்த டேஸ்ட்டுக்குப் பெயர் சர்க்கரை. பாதித் தோசையோடு எழுந்துவிடுகிறேன்.

சற்று நேரத்தில் பார்க்கிங்கில் அவரையே பார்க்கிறேன். காருக்குள் உட்கார்ந்து டப்பாவிலிருந்து வத்தக்குழம்புச் சோறு சாப்பிடுகிறார். என்னைக் கண்டதும் அசடு வழியக் கண்ணாடியை இறக்குகிறார்.

"பின்னாடி தெருவுல ஒரு ஆன்ட்டி சமைச்சுத் தர்றாங்க. வெளிச்சாப்பாட்ட கடைக்குள்ள கம்பெனி விடாது சார்."

"அவங்களையே ஒரு பிரான்ச் எடுக்கச் சொல்லலாமே?"

"சொன்னேன். 'எதுக்கு, உன்ன மாதிரி கார்ல உக்காந்து சாப்பிடவா?'ன்னுட்டாங்க."