சேத்தாண்டிக்கு நேரே நீட்டிய துப்பாக்கி

“தாது வருஷம் சித்திரை 16, செவ்வாய். தபாலில் ஒரு கார்டு வந்தது. பென்சில் எழுத்து. கையொப்பம் இல்லை. ‘சாட்சி சொன்னவன் வீட்டுக்குப் பட்டப்பகலிலேயே வருவோம். கதவைத் திறந்து வை.’”

என் நாட்குறிப்பில் இப்படித்தான் பதிந்திருக்கிறேன். முந்தின மாதம் ஒரு மாட்டுத் திருட்டு வழக்கில், கண்ணால் பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னேன். இருவர் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய ஆட்கள் எழுதியது என்றே நினைத்தேன்.

வீட்டில் என் மனைவி பேச்சியம்மாள், இரண்டு பெண் குழந்தைகள். கம்பம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டத்தில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெடிமருந்து கெட்டித்து வைத்தேன். மாரியம்மன் படத்துக்கு முன் நின்று, “தாயே, குறி தப்பக் கூடாது” என்று வேண்டினேன். ஏழு நாளும் அதே வேண்டுதல்தான்.

பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று வேறொன்று வேண்டினாள். “ஆத்தா, இந்த வீட்டுல யாரு ரத்தமும் விழுகக் கூடாது.”

“அப்ப வர்றவனுக்கு மாலை போட்டுக் கூப்பிடவா?” என்றேன்.

“நான் உங்ககிட்டயா கேட்டேன்? ஆத்தாகிட்ட கேக்குறேன்.”

சித்திரை 23, அடுத்த செவ்வாய். ஊரில் அம்மன் திருவிழா. எங்கள் பக்கம் அன்று சேத்தாண்டி வேஷம் போடுவார்கள். நேர்ந்துகொண்டவர் உடம்பெல்லாம் சேறு பூசி, வீடு வீடாக அரிசி வாங்கிக் கோயிலில் சேர்ப்பார். சிலர், முதல் பிடி அரிசியை அக்கா தங்கை கையால் வாங்கும்வரை வாய் திறப்பதில்லை என்றும் நேர்ந்துகொள்வார்கள். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் அந்த வாரம் பயம் என் மூளையில் வேறெதற்கும் இடம் வைக்கவில்லை.

பகல் பதினோரு மணி இருக்கும். வாசல் கதவைத் தட்டும் சத்தம். தாழ் போட்டிருந்தேன். “யாரு?” என்றேன். பதில் இல்லை. காலடி வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. மாட்டுக் கொட்டத்துப் படல் அசைந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

முகம் தெரியாதபடி கருஞ்சேறு. கையில் கம்பு. பத்தடி தூரம்.

“ஏலே, நில்லு! யாருடா நீ?”

அவன் வாய் திறக்கவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தான்.

நான் விசையை இழுத்துவிட்டேன்.

மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் ‘டப்’பென்றது. மருந்து பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் ஓடி வந்தாள். “அய்யோ, இறக்குங்க! இது முத்தையால்ல!”

முத்தையா அவளுடைய தம்பி, சின்னமனூர்க்காரன். மிரட்டல் கார்டு வந்ததைக் கேள்விப்பட்டு, எங்கள் குடும்பத்துக்காக யாரிடமும் சொல்லாமல் நேர்ந்துகொண்டிருக்கிறான். இடுப்பில் செருகியிருந்த வேப்பங்குலை அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அவள் அரிசியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். பாதி தரையில் சிந்தியது. துண்டில் அதை வாங்கிய பிறகுதான் அவன் பேசினான்.

“மச்சான், பன்னிக்கு வச்சத எனக்குப் பரிமாறப் பாத்தீகளே!”

அவன் சிரித்தான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மருந்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஈரமில்லை. ஒரு சிட்டிகையை ஓட்டில் வைத்து நெருப்புக் காட்டினேன். குப்பென்று எரிந்தது.

தாய் என் வேண்டுதலைத் தள்ளிவிட்டு என் மனைவியின் வேண்டுதலைக் கேட்டாள். அதனால்தான் நான் கொலைகாரனாகவில்லை. வீட்டைக் காப்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. கார்டு எழுதியவர்கள் கடைசிவரை வரவில்லை; ஆனாலும் இன்றும் கதவைத் தாழிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் துப்பாக்கி தோட்டத்தை விட்டு வருவதில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் முத்தையாவோடு நானும் சேறு பூசிக்கொள்கிறேன். பயத்தில் இருக்கும் அன்பர்களே, எதிரியை வீழ்த்தக் கேட்காதீர்கள். உங்கள் கையையும் சேர்த்துக் காக்கும்படி அவளிடம் கேளுங்கள். கேட்பாள்.

ஒன்றைப் பதியாமல் விட முடியவில்லை. அந்த நொடியில் துப்பாக்கிக்கும் தனக்கும் நடுவில் ஒரு பெண் வந்து நின்றதாக முத்தையா சொல்கிறான். “அக்கான்னுதான் நெனச்சேன் மச்சான்” என்கிறான். பேச்சியம்மாள் அப்போது அடுப்படியில் இருந்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை. மூன்று முறை கேட்டேன், அவன் சொல் மாறவில்லை. என்னால் இதை உறுதி செய்ய முடியவில்லை.