கணக்குப் பீரியடில் அவள் கேட்ட அனுமதி

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. கீழ்க்கட்டளையில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. அந்த வருடம் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியையும் நான்தான்.

அந்த ஜூனில் எங்கள் பள்ளிக்கு முதல்முறையாக ஒரு கவுன்சிலர் வந்தார். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவுவதற்கென்றே ஒருவர். 'எந்த வார்டு கவுன்சிலராம்?' என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. செவ்வாய், வியாழன் மட்டும் வருவார். நூலகத்தை ஒட்டிய சின்ன அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து வீடு மாறி வந்த குடும்பம். யாருடனும் அதிகம் பேசமாட்டாள். ஆகஸ்டிலிருந்து, வியாழக்கிழமை என் பீரியட் ஆரம்பித்தவுடன் எழுந்து நிற்பாள். "மிஸ், கவுன்சிலர் மேடம்கிட்ட போகணும்."

இரண்டு மாதத்துக்கு மேல் விட்டேன். பிறகு எரிச்சல் வந்தது. அப்போதுதான் அல்ஜீப்ரா தொடங்கியிருந்தேன். கணக்குக்குப் பயந்து நழுவுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை அவளை உட்காரச் சொல்லிவிட்டேன். மதியம் கவுன்சிலர் என்னைத் தேடி வந்தார்.

"வாரத்துல ஒரு பீரியட் மட்டும் மேடம். அவளுக்கு அது ரொம்ப தேவைப்படுது."

"எதுக்குன்னு சொல்லுங்க, அனுப்புறேன்."

"அத அவதான் சொல்லணும். நான் சொல்லக்கூடாது மேடம்."

இருபத்திரண்டு வருட சர்வீஸ் எனக்கு. என் வகுப்புப் பிள்ளையைப் பற்றி எனக்கே சொல்ல மாட்டாராமா? அந்தக் கோபத்தில் அன்று மாலையே அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்தேன். அக்கறையில் செய்வதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உங்க பொண்ணு வாரா வாரம் கவுன்சிலர்கிட்ட போய் பேசுறா. வீட்ல ஏதாவது பிரச்னையா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். நான் பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள். "இனிமே நான் போகல மிஸ்." கண் வீங்கியிருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், "குட்" என்றேன்.

அரையாண்டில் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கினாள். அந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய் கவுன்சிலரிடம் காட்டினேன். "பாருங்க மேடம், கிளாஸ்ல உக்காந்தா எப்படி வருதுன்னு." அவர் தாளைப் பார்த்தார். "நல்லது மேடம். மத்தியானம் சாப்பிடுறாளான்னு மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். நான் பார்க்கவில்லை.

ஏப்ரலில் அவள் அம்மா டி.சி. வாங்க வந்தார். கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாம். ஆபீசில் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது, பேச்சுத் துணைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நல்லா படிக்கிற பொண்ணு" என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு தாமாகவே சொன்னார்.

"இவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தா மிஸ். ரெண்டாவது படிச்சுட்டிருந்தா. காய்ச்சல்ல போயிட்டா. அந்த வீட்ல இருக்க முடியாமத்தான் இங்க வந்தோம். போட்டோ எல்லாம் எடுத்து வச்சுட்டோம். அவ பேர வீட்ல யாருமே சொல்றதில்ல, நான் தாங்கமாட்டேன்னு. இவ அந்த மேடம்கிட்ட போய் தங்கச்சியப் பத்தித்தான் பேசியிருக்கா. நீங்க போன் பண்ணப்போ எனக்கு என்னமோ ஆயிடுச்சு. வீட்டு விஷயத்த வெளிய சொல்லுவியான்னு அடிச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ எதுவுமே பேசறதில்ல."

என்னைக் குறை சொல்லும் குரலே இல்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார். டி.சி. வந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை நூலகத்துப் பக்கத்து அறைக்குப் போனேன். நான் போன் செய்ததையும் அந்த அம்மா சொன்னதையும் ஒன்றுவிடாமல் கவுன்சிலரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பேர சொல்லவே ரெண்டு மாசம் ஆச்சு மேடம் அவளுக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அம்மா அப்பாவ எப்படிக் கூப்பிட்டுப் பேசலாம்னு ரெண்டு பேரும் யோசிச்சுட்டிருந்தோம்" என்றார். அவ்வளவுதான். பிறகு, புதிய பள்ளியில் இதற்கு யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார்.

ஜூன் மாதம் அந்த அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். "அதெல்லாம் வேணாம் மிஸ். அவ நல்லா இருக்கா. நல்லா படிக்கிறா" என்றார். அதற்குமேல் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. நல்லா படிக்கிறா என்பது எனக்கும் ஒரு காலத்தில் போதுமானதாகத்தானே இருந்தது.

இப்போது என் வகுப்பில் யார் எழுந்து நின்று அந்த அறைக்குப் போகணும் என்றாலும் காரணம் கேட்பதில்லை, போர்டில் எழுதுவதை நிறுத்தாமலே தலையசைத்து அனுப்பிவிடுகிறேன். ஆனால் எத்தனை பேரை அப்படி அனுப்பினாலும், இறந்துபோன தங்கையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தேடிக் கண்டுபிடித்த ஒரே இடத்தை மூடியது நான்தான் என்ற குற்றவுணர்ச்சி இன்னும் ஆறவில்லை.