அடியிலிருந்து ஒரு பிடி

குன்னூருக்குக் கீழே எங்கள் பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்க வரும் ஃபேக்டரிக்காரரின் பெயரை நான் கேட்டதேயில்லை. காதை மூடிய கம்பளிக் குல்லாய், கறை ஏறிக் கறுத்த விரல்கள். எந்த மூட்டையையும் மேலாகப் பார்த்து எடுக்க மாட்டார். முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி உருவி, முத்தல் இலை கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். நான் என்ன திருடனா?

போர் தொடங்கிய மறுநாள், லாரி டிரைவர் செல்போனில் செய்தியைச் சத்தமாக வைத்திருந்தார். எதிரி ஆயுதம் பதுக்கியிருக்கிறான், அதனால்தான் போர் என்றது அரசாங்கம்.

"யாராச்சும் பாத்தாங்களாமா?" என்றார் ஃபேக்டரிக்காரர்.

"ஏனுங்க, கவர்மென்ட்டு பொய் சொல்லுமா? நீங்க எந்த நாட்டு ஆளு?" டிரைவர் லாரியிலிருந்து குதித்து இறங்கினார். வரிசையில் நின்ற ஒருவர் தராசை ஓங்கித் தள்ளினார். அது ஆடிக்கொண்டே இருந்தது.

ஃபேக்டரிக்காரர் குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பினார். "உங்க பையன் பட்டாளத்துல இருக்கறானுங்களே. நீங்க கேட்டீங்களா?"

"அதெல்லாம் பெரிய ஆளுங்க பாத்திருப்பாங்க. நீங்க எடையப் போடுங்க!" என்று சீறினேன்.

அவர் என் மூட்டைக்குள் கையை விட்டார்.

முப்பது கிலோ இலைக்கு அவ்வளவு துழாவினார் அந்த மனிதர். முந்தின நாள் மகன் போனில் "கெளம்பறேம்ப்பா" என்றபோது, எதுக்குடா என்று நான் கேட்கக்கூட இல்லை.