லாரிக்கு அடியில் ஒரு வழி

எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் என் சின்னம்மா சிலுவையம்மாளின் வீடு மேற்கே இருக்கிறது, படகு கிழக்கே நிற்கிறது. முன்பு இரண்டும் ஒரே மணலில் இருந்தன. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கடலோர வீடுகளை இடித்துக் குப்பத்தை மேற்கே தள்ளினார்கள். படகைத் தள்ள முடியவில்லை. ஊருக்கு நடுவே சாலை போட்டவர்களுக்கு, அந்த ஊர் தினமும் சாலையைக் கடக்கும் என்று தோன்றவே இல்லை.

பல வருடம் வெளியூர்களில் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, குப்பத்திலிருந்து கடல் தெரியவில்லை. துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்தான் ஒட்டி ஒட்டி நின்றன.

சின்னம்மா மீன் விற்பவர். படகு கரைக்கு வந்ததும் ஏலத்தில் மீனை எடுத்து, ஐஸ் கரைவதற்குள் திருவொற்றியூர் சந்தைக்குப் போயாக வேண்டும். லாரி வரிசையைச் சுற்றி நடந்தால் மீன் கெட்டுவிடும். அதனால் குப்பத்துப் பெண்கள் லாரிக்கு அடியில் நுழைந்து போனார்கள். பிரேக்கிலிருந்து 'புஸ்' என்று காற்று வெளியேறினால் லாரி நகரப் போகிறது, நுழையக் கூடாது. சத்தம் இல்லையென்றால் கூடையை முன்னே தள்ளிவிட்டுத் தவழ வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

போன மாசியில் சின்னம்மா அந்தச் சத்தத்தை முன்னால் நின்ற லாரியுடையது என்று நினைத்து நுழைந்துவிட்டார். அது தலைக்கு மேலே நின்ற லாரியுடையது. சக்கரங்களுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொண்டார். லாரி முழுதாக அவரைக் கடந்து போனது. உடம்பில் சிராய்ப்புதான். கூடையிலிருந்த காணாங்கெளுத்தி எல்லாம் தாரோடு தாராக நசுங்கிவிட்டது.

ஓடிவந்த போக்குவரத்துப் போலீஸ்காரர் முதலில் திட்டினார். "வண்டிக்கு அடில பூந்து வரியே, நீ இன்னா பூனையாம்மா?"

"பூனையா இருந்தா மீனையாவது துன்னிருப்பேன் சார். என் வூட்டுக்கும் கடலுக்கும் நடுவுல வண்டிய நிறுத்தனான் பாரு, அவன இன்னா கேட்ட நீ?"

மறுநாள் சின்னம்மாவும் குப்பத்துப் பெண்களும் சாலைத் துறை அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். கேட்டது ஒன்றுதான்: குப்பத்துக்கு எதிரே ஒரு வண்டி அகலத்துக்கு வரிசையில் இடைவெளி. நடைமேம்பாலம் திட்டத்தில் இருக்கிறது என்றார் அவர். ஈரம் சொட்டும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிப் பார்க்கட்டும் அந்த மனிதர்.

அதற்கடுத்த நாள் ஏலம் மணலில் நடக்கவில்லை. குப்பத்துக்கு எதிரே நின்ற லாரி நகர்ந்ததும், சாலையில் அந்த இடத்தில் மீனைக் கொட்டச் சொன்னார் சின்னம்மா. ஏலம் கூறும் ராமசெல்வி என்றுமில்லாத நிதானத்தோடு விலையை இழுத்தாள். ஏலம் முடியும்வரை குவியலை யாரும் தாண்டக் கூடாது, தாண்டினால் அடுத்த வலை காலியாக வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதே போலீஸ்காரர் வேகமாக வந்து பூட்ஸ் காலைத் தூக்கினார். அவரும் பக்கத்துக் குப்பத்துக்காரர். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். பின்னால் ஹாரன்கள் அலறின.

அடுத்த லாரியின் டிரைவர் அத்தாவுல்லா கத்திக்கொண்டே இறங்கினார். மீனைப் பார்த்ததும் அவரும் விலை கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"இடம் விட்டு நிக்கறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றார் அவர். "விட்டா பின்னால வர்றவன் பூந்துடுவான். யார் தடுக்கறது?"

"நான் இங்கயே கீறேன்," என்றார் சின்னம்மா.

அன்றிலிருந்து அவர் சந்தைக்குப் போவதில்லை. அந்த இடைவெளியின் ஓரத்திலேயே கூடையோடு உட்கார்ந்து விற்கிறார். சந்தையில் விற்றதில் பாதிகூட இங்கே விற்பதில்லை. குழந்தைகள் நிமிர்ந்து நடந்து கடக்கிறார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய காவலை ஒரு பெண் தன் பிழைப்பைக் கொடுத்துச் செய்கிறார். மேம்பாலம் வரவில்லை. 'இங்கே வியாபாரம் செய்யக் கூடாது' என்ற பலகை மட்டும் உடனே வந்துவிட்டது.

சின்னம்மா வெயிலுக்குக் குடையை அந்தப் பலகையில்தான் கட்டியிருக்கிறார்.